இரண்டு நாள் கூடுதலாக இருந்த குழாய்

கோலாலம்பூரில் நான் பணியாற்றிய குழந்தைகள் வார்டு ஒன்றில் நடந்தது இது. பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் எங்கள் தவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

பதினான்கு மாத ஆண் குழந்தை, எடை 9.2 கிலோ. குடலில் அறுவை சிகிச்சை முடிந்து, மீண்டும் பால் குடிக்கத் தொடங்கி, இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகவேண்டியவன். ஒன்பதாம் நாள் இரவு இரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலைக்குப் போனான். பிழைத்துக்கொண்டான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் தாய்மார்கள் கடைசி வரி வரை பதறிக்கொண்டு வர வேண்டாம்.

வந்த நாள்

செந்தூலில் அடுக்குமாடி வீடு. தாய் மளிகைக் கடையில் கணக்குப் பார்ப்பவர். தந்தை கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிவரும் லாரி ஓட்டுநர். முதல் நாள் மாலையிலிருந்து குழந்தை கால் மணிக்கு ஒருமுறை வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டான். அழுகை அடங்கியதும் துவண்டு கிடந்தான். விடியற்காலையில் பச்சையாக வாந்தி எடுத்தான். பிறகு அணையாடையில் இரத்தமும் சளியும் கலந்த மலம். இந்த வயதுக் குழந்தையிடம் இவை எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்கவேண்டியது குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது. ஸ்கேனும் அதையே காட்டியது. ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி விடுவிக்க இருமுறை முயன்றும் குடல் வழிவிடவில்லை. வயிற்றைத் திறந்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 12 செ.மீ. நீளம் கறுத்துப்போயிருந்தது. அதை நீக்கிவிட்டு இரு முனைகளையும் இணைத்தார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும்போதே வலது தொடையின் பெரிய சிரையில் ஒரு மையச் சிரைக் குழாய் போடப்பட்டது. வார்டில் இதை சென்ட்ரல் லைன் என்போம். குழந்தை நீர் வற்றிப்போயிருந்தான். கொழுகொழுவென்ற அந்தக் கைகளில் ஒரு சிரைகூடத் தட்டுப்படவில்லை. அந்த இரவில் அந்தக் குழாய் தேவைப்பட்டது, சரியான முறையில் போடவும் பட்டது. தலைத்தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, உடல் முழுவதையும் மூடும் துணி, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோல் சுத்தம் என எல்லாமே குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றில் எதிலும் எனக்கு ஐயமில்லை.

குழாயின் நாட்கள்

மூன்றாம் நாள் அந்தக் குழாய் வழியாகச் சிரை வழி ஊட்டம் தொடங்கியது. குடலை ஓய்வில் வைத்துவிட்டு சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு எல்லாவற்றையும் நேராக இரத்தத்தில் ஏற்றும் முறை இது. 1968 இல் டட்ரிக், வில்மோர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் குடல் வேலை செய்யாத ஒரு பச்சிளங்குழந்தையை இப்படியே வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குழந்தைக்கு ஊட்டமான திரவம் கிருமிக்கும் ஊட்டமானது. கிளெப்சியெல்லா வகைக் கிருமிகள் வெறும் சர்க்கரைத் திரவத்திலேயே பெருகக்கூடியவை.

ஐந்தாம் நாள் வாயு பிரிந்தது. ஆறாம் நாள் தாய்ப்பால் தொடங்கி, அதுவரை கொடுத்துவந்த நுண்ணுயிர்க்கொல்லிகளை நிறுத்தினோம். ஏழாம் நாள் மாலை சிரை வழி ஊட்டமும் நின்றது. குழந்தை கஞ்சித் தண்ணீர் கேட்டு அழுதான் என்று தாதியின் குறிப்பு சொல்கிறது. அந்த மாலையே குழாயை எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. மறுநாள் நோன்புப் பெருநாள். இரண்டு நாள் பொது விடுமுறை. பாதி மருத்துவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். பால் தங்காமல் மறுபடி வாந்தி எடுத்தால் சிரை தேடி அலைய வேண்டுமே என்று விடுமுறை முடியும்வரை குழாயை விட்டுவைத்தோம். முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். கெட்ட எண்ணம் ஒன்றும் அதில் இல்லை. பிஞ்சுக் கையில் ஐந்தாறு முறை ஊசி குத்தும் வேதனையைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தினமும் நிரப்பும் படிவத்தில் ‘குழாய் இன்னும் தேவையா?’ என்று ஒரு கட்டம் உண்டு. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அதில் ‘ஆம்’ என்று குறி இருக்கிறது. எதற்காக என்று எழுதும் வரி இரண்டு நாளும் காலி.

அந்த இரண்டு நாளும் அந்தக் குழாயில் என்னதான் நடந்தது? மருந்து இல்லை, ஊட்டம் இல்லை. அடைத்துக்கொள்ளாமல் இருக்க எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை 6, மதியம் 2, இரவு 10 என்று, அதைத் திறந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த உப்பு நீரால் கழுவினோம். இடையில் ஒரு முறை இரத்தம் எடுத்தோம். குழாயைக் காப்பாற்றுவதற்காகவே குழாயைத் திறந்துகொண்டிருந்தோம். திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாசல்.

இன்னொன்றும் நடந்தது. எட்டாம் நாள் மாலை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தொடைக் குழாய் அணையாடையின் விளிம்பை ஒட்டியே இருக்கும். குழாயின் மேல் ஒட்டியிருந்த, கண்ணாடிபோல் தெளிந்த ஒட்டுப் படலத்தின் கீழ் மூலை நனைந்து எழும்பிவிட்டது. படலம் நனைந்தாலோ, அழுக்கானாலோ, தளர்ந்தாலோ உடனே முழுவதையும் எடுத்துவிட்டு, தோலைச் சுத்தம் செய்து, புதியது ஒட்ட வேண்டும் என்பது விதி. அன்று மாலை அந்தத் தாதியின் பொறுப்பில் ஒன்பது குழந்தைகள். அவர் எழும்பிய மூலையின் மேல் பசை நாடாவை ஒட்டி அழுத்திவிட்டு, ‘மாற்ற வேண்டும்’ என்று குறிப்பும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை அடுத்த பணிமுறைக்கு வந்த தாதி பார்த்தாரா என்பதற்குப் பதிவு இல்லை.

555 நோட்டு

ஒன்பதாம் நாள் இரவு 10:50 மணிக்கு என்னை அழைத்தார்கள். போனபோது தாய் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன 555 நோட்டு. மலேசியாவில் மளிகைக் கடைக்குப் போனவர்களுக்கெல்லாம் தெரிந்த நோட்டு அது. கடன் கணக்கு எழுதுவது. கடையில் எழுதிப் பழகிய கை, மகன் எப்போது பால் குடித்தான், எத்தனை முறை அணையாடை மாற்றினார் என்பதையெல்லாம் அதில் நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்திருக்கிறது.

“டாக்டர், ஒரு நிமிடம் இதைப் பாருங்கள்” என்றார். “நான் மத்தியானமே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொன்னேன். குழாயில் மருந்து போட்டால்தான் இவனுக்கு நடுக்கம் வருகிறது.”

பென்சிலில், நெருக்கமான எழுத்தில் மூன்று வரிகள். இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன:

6:00 குழாய். 6:30 கை சில்லென்று.
2:00 குழாய். 2:20 நடுக்கம், உதடு நீலம். காய்ச்சல்.
10:00 குழாய். 10:15 நடுக்கம், நிற்கவில்லை.

இருபது ஆண்டுப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து சொல்லவேண்டிய நோயறிதலை அந்தத் தாள் சொல்லிவிட்டது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலமாகப் படிந்திருந்தால், அதைக் கழுவும்போதெல்லாம் ஒரு கூட்டம் பெயர்ந்து இரத்தத்தில் கலக்கும். கால் மணி, அரை மணியில் உடல் உதறும். மழைக்கால வடிகாலில் படிந்த பாசி, வெள்ளம் வரும்போது பாளம் பாளமாகப் பெயர்ந்து போவதைக் கோலாலம்பூரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழாய்க்குள் நடப்பதும் அதுதான். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது.

மதியம் இரண்டரை மணிக்குக் குழந்தையைப் பார்த்த பணி மருத்துவர் வெப்பம் 38.9 என்று குறித்து, அறுவைக்குப் பின் வரும் காய்ச்சல் என்று கருதி, பாராசிட்டமால் எழுதி, இரத்த அணு எண்ணிக்கைக்கு அனுப்பியிருந்தார். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவில்லை. மையக் குழாய் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை குழாயையே சந்தேகிக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தை நாங்கள் இழந்தோம்.

அந்த இரவு

வெப்பம் 39.7. நாடி நிமிடத்துக்கு 182. மூச்சு 46. கையும் காலும் சில்லிட்டிருந்தன. நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் சிவக்க நான்கு வினாடி ஆனது. இரண்டுக்குள் சிவக்க வேண்டும். இரத்த அழுத்தம் 78/40. இந்த வயதுக்கு அது கீழ் எல்லைக்குச் சற்று மேலே. அழுத்தம் விழவில்லையே என்று யாரும் நிம்மதி அடையக்கூடாத இடம் இது. குழந்தையின் உடல் இரத்த நாளங்களை இறுக்கியும் நாடியை விரட்டியும் அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடித்திருக்கும். விழும்போது ஒரேயடியாக விழும். குழந்தையின் முகத்தையும் தோலின் சூட்டையும் பார்க்கவேண்டிய நேரத்தில் கருவியின் எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

முதல் வேலை, குழாயைத் தொடாமல் வேறு சிரை பிடிப்பது. மூன்றாவது முயற்சியில் இடது புறங்காலில் கிடைத்தது. வளர்ப்புச் சோதனைக்குக் குழாயிலிருந்து 2 மி.லி., புறச் சிரையிலிருந்து 2 மி.லி. என்று ஒரே அளவு இரத்தம் எடுத்து, இரண்டு புட்டிகளையும் ஒரே நேரத்தில் ஆய்வகக் கருவியில் வைக்கச் சொன்னேன். அந்த ஒழுங்கு ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும். 11:25க்கு முதல் மருந்து உள்ளே போனது. அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்று 2020 இல் வெளியான உலகளாவிய வழிகாட்டி சொல்கிறது. நான் வந்த நேரத்திலிருந்து எண்ணினால் அந்த அளவுக்குள் வந்தோம். மதியத்திலிருந்து எண்ணினால் வரவில்லை.

மெரோபெனம் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் கொடுத்தோம். கூடவே மற்ற வகைக் கிருமிகளுக்காக வான்கோமைசின். மெரோபெனம் கடைசி வரிசை மருந்துகளில் ஒன்று, எடுத்த எடுப்பில் நீட்டக்கூடாதது. ஆனால் இந்தக் குழந்தை ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தவன், ஐந்து நாள் செஃபுராக்சிம் என்ற செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லி வாங்கியவன். நம் பகுதி மருத்துவமனைகளில் வாங்கும் இரத்தத் தொற்றில் கிராம் எதிர் வகைக் கிருமிகளின் (சாயமேற்றிப் பார்த்துப் பிரிக்கும் ஒரு பெரும் பிரிவு) பங்கு பெரியது. அவற்றில் பல, செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைத்துப்போடும் நொதியைச் சுரப்பவை. மருத்துவர்கள் இதை இ.எஸ்.பி.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். பைப்பரசிலின்–டாசோபாக்டம் போதாதா என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2018 இல் வெளியான மெரினோ ஆய்வு, செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத கிருமிகள் இரத்தத்தில் இருந்த பெரியவர்களிடம் இந்த இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 விழுக்காடு, மற்றதைப் பெற்றவர்களில் 12.3 விழுக்காடு. பெரியவர்களிடம் செய்த ஆய்வு என்றாலும், அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தையின் முன்னால் நின்று அந்த இடைவெளியைப் புறக்கணிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

உப்புத் திரவம் கிலோவுக்கு 10 மி.லி. வீதம் இருமுறை. நாடி சற்று இறங்கியது. கை இன்னும் சில்லென்றே இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, அட்ரினலின் சிறிய அளவில் பதினான்கு மணி நேரம் ஓடியது. இரண்டாவது சிரை கிடைத்ததும், இரவு ஒன்றரை மணிக்குத் தொடைக் குழாயை எடுத்தோம். நாடாவைப் பிரித்தபோது அதன் அடியில் தோல் ஈரமாக, வெளிறி ஊறிப்போயிருந்தது. குழாய் நுழைந்த இடத்தில் சீழ் இல்லை. மெல்லிய சிவப்பு வளையம் மட்டும் இருந்தது.

வேறு எங்கும் இருக்குமோ

அறுவை மருத்துவருக்கு வேறு கவலை. குடலை இணைத்த இடம் கசிந்தால் இதே காய்ச்சலும் இதே நடுக்கமும் வரும். அப்படியானால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். நள்ளிரவில் அந்தக் கேள்வியோடு நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்றோம். வயிறு மெத்தென்று இருந்தது, அமுக்கினால் குழந்தை முகம் சுளிக்கவில்லை. ஸ்கேனில் வயிற்றுக்குள் தேங்கிய நீர் இல்லை. காயம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. மார்புப் படம் தெளிவு, சிறுநீர் தெளிவு. தொடைச் சிரையில் இரத்தக் கட்டி இல்லை. வெள்ளை அணுக்கள் மதியம் 19,400 இருந்தவை இரவு 4,100க்குச் சரிந்திருந்தன. கிருமி ஓங்கும்போது இப்படி ஏறியது இறங்குவது நல்ல குறி அல்ல. அறுவை மருத்துவர் கையை வயிற்றிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “காலை வரை பார்ப்போம், திறக்க வேண்டாம்” என்றார். அந்த இரவின் மிகக் கடினமான முடிவு அதுதான். சரியான முடிவும் அதுதான்.

காலை 8:10க்கு ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. குழாயிலிருந்து எடுத்த புட்டியில் கிருமி வளர்ந்துவிட்டதென்று எட்டரை மணி நேரத்தில் கருவி ஒலித்துவிட்டது. நுண்நோக்கியில் தடித்த குச்சிகள், கிராம் எதிர். புறச் சிரைப் புட்டி ஒலித்தபோது மணி 11:30. இடைவெளி மூன்று மணி இருபது நிமிடம். ஒரே அளவு இரத்தம், ஒரே நேரத்தில் கருவிக்குள் போனவை. அப்படியிருக்கக் குழாய்ப் புட்டி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால், கிருமியின் இருப்பிடம் குழாய்தான் என்று கொள்ளலாம். அங்கே எண்ணிக்கை அதிகம், அதனால் வளர்ச்சியும் முந்துகிறது. மறுநாள் கிருமியின் பெயர் வந்தது: கிளெப்சியெல்லா நிமோனியே, இ.எஸ்.பி.எல். சுரக்கும் வகை. செஃபுராக்சிம், செஃப்ட்ரையாக்சோன், ஜென்டமைசின் மூன்றுக்கும் அடங்காது. மெரோபெனத்துக்கும் அமிகாசினுக்கும் அடங்கும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளெப்சியெல்லா குடலில் வாழும் கிருமி. காயப்பட்ட குடற்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் அதுவே நுழைவதும் உண்டு. ஆனால் கழுவும்போதெல்லாம் வந்த நடுக்கம், புட்டிகளுக்கு இடையிலிருந்த இடைவெளி, குழாயை எடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் இறங்கிய காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டின. மலம் பட்ட படலத்தின் வழியோ, சரியாகத் தேய்க்காத குழாய் வாயின் வழியோ, யாரோ ஒருவரின் கை வழியோ அது நுழைந்திருக்கிறது. நுழைந்த வாசல் எதுவானாலும் அது எங்கள் பொறுப்பில் இருந்த வாசல்.

வான்கோமைசினை 48 மணி நேரத்தில் நிறுத்தினோம். சிகிச்சையின் இரண்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் கிருமி வளரவில்லை. அந்த நாளிலிருந்து எண்ணிப் பத்து நாள் மெரோபெனம் கொடுத்தோம்.

பாட்டியும் திருநீறும்

சிகிச்சையின் மூன்றாம் நாள் காலை பெற்றோர் இருவரையும் தனியறையில் உட்கார வைத்துப் பேசினேன். இப்படிப்பட்ட பேச்சைச் சில இடங்களில் தள்ளிப்போடுகிறார்கள். சட்டச் சிக்கல் வரும் என்று பயப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

“அம்மா, இந்தக் காய்ச்சல் குழாயிலிருந்து வந்தது. ஏழாம் நாளே அதை எடுத்திருக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. நீங்கள் மத்தியானம் சொன்னதையும் நாங்கள் சரியாகக் கேட்கவில்லை. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.”

தாய் ஒன்றும் பேசவில்லை. தந்தை தலையைக் குனிந்தவாறு கேட்டார்: “அப்படியென்றால், டாக்டர், இது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லையா?”

“இல்லை, தம்பி. ஏன் கேட்கிறீர்கள்?”

அவருடைய அம்மா எட்டாம் நாள் ஈப்போ சாலை தண்டாயுதபாணி கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து பேரனின் நெற்றியில் பூசியிருக்கிறார். மறுநாள் காய்ச்சல் வந்ததும் மகன் அம்மாவிடம் கத்தியிருக்கிறார், இனி மருத்துவமனைப் பக்கமே வராதீர்கள் என்று. அந்த மூதாட்டி அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம்.

நெற்றியில் பூசிய திருநீறு தொடைக் குழாய்க்குள் போகாது என்று விளக்கினேன். கிருமியின் வகையைச் சொன்னேன், புட்டிகளின் நேரத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய், படிக்கட்டின் பக்கத்தில் நின்று அலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அன்று மாலை பாட்டி வந்தார். வாசலிலேயே நின்று, கைகளுக்குத் திரவம் பூசி விரலிடுக்கு வரை தேய்த்துவிட்டு, உள்ளே வரலாமா என்று தாதியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

மருத்துவமனை உண்மையைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை ஏதாவதொரு பழி வந்து நிரப்பும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும். இத்தனை ஆண்டுகளில் மாமியார்கள், மருமகள்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எத்தனையோ பேர் குற்றமில்லாமல் குற்றவாளியானதைப் பார்த்துவிட்டேன்.

வார்டில் தேடியது

குழாய்த் தொற்றைத் தடுக்க அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்து, 2006 இல் வெளியான ஆய்வைப் பற்றி மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து எளிய செயல்கள்: கை கழுவுதல், முழு அங்கியோடு குழாய் போடுதல், குளோர்ஹெக்சிடினால் தோல் சுத்தம், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்தல். மூன்று மாதத்தில், ஆயிரம் குழாய் நாளுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் நடுமதிப்பு பூஜ்யமானது. குழாய் நாள் என்பது ஒரு நோயாளி ஒரு குழாயோடு இருக்கும் ஒரு நாள். பத்துக் குழந்தைகள் பத்து நாள் குழாயோடு இருந்தால் நூறு குழாய் நாள்.

குழந்தைகளிடம் கதை சற்று மாறுகிறது. 2010 இல் அமெரிக்காவின் 29 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு வெளியானது. தொற்றைக் குறைத்தது குழாய் போடும் நேரத்து ஒழுங்கைவிட, போட்ட பிறகு நாள்தோறும் அதைப் பராமரிக்கும் ஒழுங்குதான் என்று அது காட்டியது. எங்கள் குழந்தைக்கு நடந்தது அதன் மறுபக்கம். குழாய் போட்ட நேரத்துப் பதிவில் குறையே இல்லை. கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு வாரம் கழித்து, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தோடு வார்டில் நின்றேன். குழாயின் வாயைத் திறக்குமுன் 70 விழுக்காடு ஆல்கஹால் நனைத்த பஞ்சால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து உலர விட வேண்டும். பதினைந்து வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழும், தொலைபேசி அடிக்கும், கை தானாக நின்றுவிடும். முதலில் பார்த்த தாதி ஐந்து வினாடியில் முடித்தார். பிறகு நான் செய்தேன். மற்றொருவர் கடிகாரம் பார்த்தார். ஆறு வினாடி. அந்த எண்ணைப் பதிவில் நானே எழுதினேன்.

பசை நாடா ஒட்டிய தாதியை யாரும் தண்டிக்கக்கூடாது என்று கூட்டத்தில் வாதாடினேன். அவர் எழுதி வைத்த ‘மாற்ற வேண்டும்’ என்ற குறிப்பினால்தான் இது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. அவரைத் தண்டித்தால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். படலம் மாற்றத் தேவையான எல்லாப் பொருட்களும் அடங்கிய பொட்டலம் அன்று மாலை வார்டு அலமாரியில் இல்லை, கீழ்த்தளத்துக் கிடங்கில் இருந்தது என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் வெளிவந்தது. விடுமுறையில் கிடங்கு பூட்டியிருந்தது.

இப்போது பொட்டலங்கள் கட்டில் அருகிலேயே ஒரு தள்ளுவண்டியில் இருக்கின்றன. படிவத்தில் ‘ஆம்’ என்று குறியிட்டால் காரணத்தை எழுதாமல் பக்கத்தை மூட முடியாது. விடுமுறைக்கு முந்தைய நாள் வார்டைச் சுற்றும் மருத்துவர், குழாய் உள்ள ஒவ்வொரு குழந்தையின் முன்னும் நின்று இதை இன்றே எடுத்தால் என்ன என்று கேட்க வேண்டும். எடுப்பதற்குக் காரணம் தேடிய பழக்கத்தை மாற்றி, வைத்திருப்பதற்குக் காரணம் தேடச் சொல்கிறோம். தாயோ தந்தையோ குழாயைப் பற்றி எது சொன்னாலும் அது நேரத்தோடு குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019 இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணித்திருக்கிறார்கள். செஃபலோஸ்போரினுக்கு அடங்காத குடல் கிருமிகளையும், மெரோபெனம் போன்ற மருந்துகளுக்கே அடங்காதவற்றையும் உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய கிருமிகளின் 2024 பட்டியலில் மேல் வரிசையில் வைத்திருக்கிறது. அந்தப் பெரிய எண்ணை நினைத்து மலைப்பதைவிட, நம் வார்டில் ஒரு குழாய் ஒரு நாள் முன்னதாக வெளியே வந்தால் ஒரு குழந்தைக்கு மெரோபெனமே தேவைப்படாமல் போகும் என்று நினைப்பது எனக்கு உதவுகிறது. குழந்தையிடமிருந்து தப்பிய மெரோபெனம், இன்னொரு நாள் இன்னொரு குழந்தைக்கு வேலை செய்யும்.

ஆறு வாரம் கழித்து

வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தான். எடை 9.9 கிலோ. வயிற்றுத் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. தொடையில் ஒரு சிறு புள்ளி, தேடினால்தான் தெரியும். இட்லியைப் பிய்த்துத் தானே தின்கிறான் என்றார் பாட்டி.

இந்த வகைக் கிருமி குழந்தையின் குடலில் மாதக்கணக்கில் ஓசையில்லாமல் தங்கியிருக்கக்கூடும், அதனால் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் கடுமையான காய்ச்சலோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தாயிடம் விளக்கினேன். அவனுடைய கோப்பிலும் குறித்திருக்கிறோம். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அணையாடை மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது போதும், மற்றபடி அவனை யாரிடமிருந்தும் ஒதுக்கி வைக்க வேண்டாம் என்றேன்.

அவர் கைப்பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். பழையது தீர்ந்துவிட்டது, இது புதியது. கிருமியின் பெயரையும் மருந்தின் பெயரையும் மெதுவாகச் சொல்லச் சொல்லி, முதல் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். ‘மெரோபெனம்’ என்பதில் இரண்டாவது எழுத்து ‘ரொ’வா ‘ரோ’வா என்று கேட்டுத் திருத்திக்கொண்டார்.